இருபத்துமூன்று கோடிச் சொச்சம்

அப்பா எங்களுக்கு விட்டுவிட்டுப் போனது ஒரு முழு எண். 23,27,92,561. அது நடு அறையில் கிடந்தது.

ஒன்பது இலக்கங்கள். முதல் இலக்கமான இரண்டு வாசல் கதவை ஒட்டி இருந்தது. அதனால் கதவை முழுதாகத் திறக்க முடியாது. ஏழில் என் சேலை மாட்டிக்கொள்ளும். ஒன்பது மின்விசிறிக்கு நேர் கீழே. கடைசி ஒன்று அடுக்களை நிலைப்படியில் நின்றது. அதைத் தாண்டித்தான் நான் சமைக்கப் போவேன்.

எங்கள் ஊரில் சிலர் வயல் விட்டுப் போவார்கள். சிலர் கடை விட்டுப் போவார்கள். அப்பா எண். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எம்புட்டு?" என்று கேட்டார்கள்.

"இருபத்துமூணு கோடிச் சொச்சம்" என்றேன்.

ஒரு வெளியூர்க்காரர் மட்டும், "எதுல? ரூவாயா, ஏக்கரா?" என்றார்.

"எதுலயும் இல்ல. வெறும் எண்."

"அதான் நல்லது. விலை இறங்காது" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

என் பெயர் செண்பகவல்லி. அப்பாவுக்கு நாங்கள் மூன்று பேர். பெரிய அண்ணன் சங்கரலிங்கம் தென்காசியில் மரக்கடை வைத்திருந்தான். சின்ன அண்ணன் குற்றாலிங்கம் தூத்துக்குடியில் மாமனார் வீட்டில் இருந்தான். அதுவே ஒரு வேலை என்று சொல்வான். நான் கடைசி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் இந்த எண்தான் காரணம்.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வராமல் இல்லை. வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிறகு மெதுவாக, "பொண்ணுக்குப் பாதி எழுதிருவீகளா?" என்பார்கள். அப்பா பேசாமல் கடைசி இலக்கத்தைக் கைகாட்டுவார். ஒன்று. ஒற்றைப்படை. பாதி ஆகாது. "மூணுல ஒண்ணு?" அதுவும் ஆகாது. அவர்கள் கை கழுவிவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியாக வந்த மாப்பிள்ளை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தான். அவன் அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். முதலில் கை போனது. கொஞ்ச நேரம் கழித்து அவன் போனான்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு தினமும் இரண்டு பேரையும் துடைத்துவிட்டேன். முதலில் எண்ணை. பிறகு அப்பாவை. அந்த வரிசையை அவர்தான் சொன்னார்.

"தொடைச்சியா?"

"தொடைச்சேன்."

"ஆறுக்கு உள்ள?"

"உள்ளயும் தொடைச்சேன்."

"ஒம்பதுக்கு?"

"அதுக்கும்."

வருஷக்கணக்காக எங்களுக்குள் இருந்த பேச்சு இவ்வளவுதான். சாகிற அன்று காலையில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வாயைத் திறந்தார். என் பெயரைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அஞ்சுல வெயில் அடிக்கி" என்றார். நான் போய் ஜன்னலைச் சாத்தினேன். திரும்பி வருவதற்குள் போய்விட்டார்.

*

காரியம் முடிந்ததும் அண்ணன்மார் பங்கு பிரிக்க உட்கார்ந்தார்கள்.

எங்கள் தெருவில் இது பெரிய விஷயமில்லை. பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் விட்டுப்போக ஒன்றும் இல்லாததால் அவர் பிள்ளைகள் அவரையே பிரித்துக்கொண்டார்கள். மேல்பாதி மூத்தவனோடு பாளையங்கோட்டையில் இருக்கிறது. கீழ்ப்பாதி இளையவனோடு சங்கரன்கோவிலில் இருக்கிறது. பொங்கலுக்கு இரண்டும் சந்தித்துக்கொள்ளும். மேல்பாதி மட்டும் பேசும். "நல்லாப் பாத்துக்கிடுதாங்க" என்று சொல்லும். கீழ்ப்பாதி எழுந்து போய்விடும்.

சங்கரலிங்கம் சாக்பீஸால் தரையில் கணக்குப் போட்டான். மூன்றால் வகுத்தான். ஆளுக்கு ஏழு கோடியே எழுபத்தைந்து லட்சத்துத் தொண்ணூற்றேழாயிரத்து ஐந்நூற்று இருபது. அதுவரை நன்றாக வந்தது. அடுக்களையில் ஒரு பாத்திரம் விழுந்தது.

"மீதி ஒண்ணு" என்றான்.

"தப்பாப் போட்டிருப்ப" என்றான் குற்றாலிங்கம். அவனுக்கு ஒரு குறுக்கு வழி தெரியும். இலக்கங்களைக் கூட்டினான். முப்பத்தேழு. அதைக் கூட்டினான். பத்து. அதையும் கூட்டினான். ஒன்று. மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது தரையில் புதுக் கணக்கு இருந்தது. இரண்டால் வகுத்திருந்தார்கள். அதிலும் மீதி ஒன்று. யாரும் தலை நிமிரவில்லை. அடுக்களையில் மறுபடியும் பாத்திரம் விழுந்தது.

பெரிய அண்ணன் மனைவி பகவதி மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "இவளை விட்டுட்டுப் பாத்தாலும் இவ நிக்கா" என்றாள்.

காபி ஆறிப்போனது. குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"நாலு பேரா இருந்தா சரியா வரும்" என்றான் சங்கரலிங்கம். தெருவில் போய் நின்றான். நாலாவது பிள்ளை தேவை என்று சத்தமாகச் சொன்னான்.

சாயங்காலத்துக்குள் ஒருவன் வந்தான். பெயர் அருணாசலவடிவு. டயர்க்கடையில் வேலை. தானும் அப்பாவுக்கு மகன் என்றான். அவனுக்கு அப்பாவின் காதுகள் இருந்தன.

"இது ஏது?" என்று கேட்டான் அண்ணன்.

"பொறந்ததுல இருந்தே இருக்கு."

அவன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுதான். நாங்கள் மூன்று பேரும் அழுததைவிட அதிகமாக அழுதான். பிறகு நாலால் வகுத்தார்கள். மீதி ஒன்று.

ஐந்தாவது ஆள் வந்தான். ஆறாவதாக ஒரு பெண் வந்தாள். எல்லோருக்கும் அப்பாவின் காதுகள். எத்தனை பேர் வந்தாலும் மீதி ஒன்றுதான். இலக்கங்களுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் படுத்துக்கொண்டார்கள். நான் சமைத்தேன். பரிமாறும்போது ஒவ்வொரு தடவையும் ஓர் இலை குறைந்தது. நான் பிறகு அடுக்களை நிலைப்படியில் அந்தக் கடைசி ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு சாப்பிட்டேன்.

இருபது பேர் ஆனோம். மீதி ஒன்று. இருபத்தொன்று. இருபத்திரண்டு. மீதி ஒன்று. அண்ணனுக்கு வெறி பிடித்துவிட்டது. இருபத்துமூன்றாவது ஆளைப் பேருந்திலிருந்து பாதி வழியில் இறக்கிக் கூட்டி வந்தான். வகுத்தான். அடுக்களையில் பரண் முழுவதும் சரிந்து விழுந்தது.

மீதி பதினாறு.

பதினாறு பேர் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். "எங்களை எதுக்குக் கூப்பிட்ட?" என்று அண்ணனின் சட்டையைப் பிடித்தார்கள். அண்ணன் மன்னிப்புக் கேட்டான். அவர்கள் காதுகளோடு கிளம்பிப் போனார்கள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். ஒருவர் எங்கள் குக்கரையும் எடுத்துக்கொண்டார்.

அருணாசலவடிவு மட்டும் வாசலில் தயங்கினான்.

"அப்பா எப்படிப்பட்ட ஆளு?" என்று என்னிடம் கேட்டான்.

"எண்ணைத் தொடைக்கச் சொல்லுவாரு" என்றேன்.

"கொடுத்து வச்சவ" என்றான்.

*

வேறு வழி இல்லாமல் வகுத்தல் அலுவலகத்துக்குப் போனோம். அண்ணன்மார் இருவரும் நானும்.

அது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்தது. நீண்ட வராந்தா. இரண்டாம் எண் அறையும் மூன்றாம் எண் அறையும் ஒட்டி ஒட்டி இருந்தன. நான்காம் அறை கிடையாது. ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று. வேறு எதாலும் வகுபடாத எண்களுக்கு மட்டும்தான் அங்கே அறை கட்டியிருந்தார்கள். போகப்போக அறைகளுக்கு நடுவில் தூரம் கூடிக்கொண்டே போனது. முதலில் இரண்டு எட்டு நடை. பிறகு ஒரு தெரு நீளம். பிறகு வெறும் சுவர்தான். சுவர் முடியும் என்று நினைக்கிறபோது இன்னொரு சுவர்.

"எந்த அறை?" என்று எதிரில் வந்த பியூனிடம் அண்ணன் கேட்டான்.

"உங்க எண் எதுவோ அது" என்றார் அவர்.

நடந்தோம். வழியில் சின்ன அண்ணனுக்கு மீசை நரைத்தது. அவன் கவனிக்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அறையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் பொன்மணி என்று மேஜையில் பெயர்ப்பலகை இருந்தது. புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எண்ணைக் கொண்டு வந்தீங்களா?"

"படியில ஏறல" என்றான் அண்ணன்.

"அப்பச் சொல்லுங்க."

அண்ணன் சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கடலையை மென்றார். மென்று முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"பகா எண்."

"அப்படின்னா?"

"ஒன்றால வகுபடும். தன்னால வகுபடும். வேற எதாலயும் வகுபடாது. அதான் அறை வரைக்கும் வந்துட்டீங்களே."

"தன்னாலன்னா யாரு?"

"அதுக்கு உடையவர்."

"அவரு இறந்துட்டாரு."

"அப்ப ஒன்றால."

"அந்த ஒண்ணு யாரு?"

அம்மாள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அதை நீங்கதான் சொல்லணும்."

"நான்தான். மூத்தவன்" என்றான் சங்கரலிங்கம்.

"நான்" என்றான் குற்றாலிங்கம். காரணம் சொல்லவில்லை.

"நான்" என்றேன். அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அது வராந்தாவில் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"மூணு பேர் நான்னு சொன்னா அது ஒன்று இல்ல. மூணு" என்றார் அம்மாள். "மூணால வகுபடாது."

அண்ணன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். "எல்லாருக்கும் சரியா வர மாதிரி ஒரு வழி சொல்லுங்கம்மா."

அவர் டப்பாவை மூடினார். "ஒன்றைக் கழிச்சிருங்க. இருபத்துமூணு கோடியே இருபத்தேழு லட்சத்துத் தொண்ணூத்திரண்டாயிரத்து ஐந்நூத்தி அறுபது ஆயிரும். அது ஒன்றுல இருந்து இருபது வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி இல்லாம வகுபடும். அப்படி வகுபடுற எண்கள்லயே இதுதான் ஆகச் சின்னது. இவ்வளவு நல்ல குணமுள்ள எண்ணைப் பாக்கவே முடியாது. எல்லாருக்கும் இடம் குடுக்கும். யார் மனசும் நோகாது." நிறுத்தினார். "ஒரே ஒரு ஒன்று வந்து ஒட்டிக்கிட்டதுல இப்படி ஆயிட்டு."

அண்ணன்மார் பெருமூச்சு விட்டார்கள். நல்ல மருத்துவரைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

"கழிச்ச ஒண்ணை என்ன செய்ய?" என்று நான் கேட்டேன்.

"யாராவது எடுத்துட்டு வெளிய போயிரணும். வீட்டுக்குள்ள இருந்தாத் திரும்ப ஒட்டிக்கிடும்."

"யாரு எடுக்கலாம்?"

"தனி ஆளா இருக்கணும்" என்றார். கை கழுவ எழுந்தார்.

திரும்பும்போது வராந்தா ஒரே எட்டில் முடிந்துவிட்டது.

*

அதற்குப் பிறகு வீட்டில் என்னை யாரும் வேலை செய்யவிடவில்லை. மதினி சமைத்தாள். என்னை மனையில் உட்கார வைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். சின்ன அண்ணன் பிச்சிப்பூ வாங்கிக்கொண்டு வந்தான். அவன் எனக்குப் பூ வாங்கித் தருவது முதல் தடவை. எத்தனை முழம் என்று சொல்லத் தெரியாமல் ஒரு கூடையோடு வாங்கியிருந்தான்.

பெரிய அண்ணன் என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணுதானட்டி. இருபத்துமூணு கோடியில ஒண்ணு போனா யாருக்குத் தெரியப்போவுது?"

"அப்ப நீ எடுத்துட்டுப் போண்ணே."

"எனக்குக் குடும்பம் இருக்கு. நான் எடுத்தா அது அஞ்சாயிரும்."

"நான் எங்க போவேன்?"

"எங்கன வேணாலும் போலாம். லேசானதுதான். கையில வச்சுக்கிடலாம்."

"எனக்குப் பங்கு?"

அவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "அதான் ஒண்ணை முழுசா உனக்கே தாரோமே. நீ யாருக்கும் பிரிச்சுக் குடுக்க வேண்டாம். எங்களைப் பாரு, பிரிச்சுப் பிரிச்சுக் குடுக்கணும்."

"அப்பாவை நான்தானண்ணே பாத்தேன்."

"பாத்ததுனாலதான் உனக்கு ஒண்ணு. பாக்காம இருந்திருந்தா அதுவும் இல்ல."

மதினி என் தலையில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கை கனமாக இருந்தது. "அவ நல்ல பிள்ளை. மாட்டேன்னு சொல்ல மாட்டா" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. எண்ணிடம் சொன்னாள்.

மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுந்து நடு அறைக்குப் போனேன். ஒன்பதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஏழைத் தள்ளினேன். அது சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆறுக்கு உள்ளே எவ்வளவு தூசி சேரும் என்று எனக்குத் தெரியும். ஐந்தின் வளைவில் எங்கே கீறல் இருக்கிறது என்று இருட்டிலும் சொல்வேன். அவற்றுக்கு என்னைத் தெரியவில்லை. இவ்வளவு வருஷமும் யாரோ துடைத்துவிடுகிறார்கள் என்றுகூட அவை நினைத்திருக்காது.

கடைசியில் ஒன்றைத் தொட்டேன். தொட்டதுதான். ஆடிக்கொண்டிருந்த பல் மாதிரி கையோடு வந்துவிட்டது.

அது இருந்த இடத்தில் ஒரு சைபர் முளைத்தது. புதிதாக, பளபளவென்று, வட்டமாக. மதினி குலவை இட்டாள். அண்ணன்மார் என்னைக் கும்பிட்டார்கள். நான் ஒன்றையும் இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முதல் இரண்டு கொஞ்சம் ஒதுங்கிக் கதவுக்கு வழிவிட்டது.

நான் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் வகுத்துவிட்டார்கள். இரண்டால். ஆளுக்குப் பதினோரு கோடியே அறுபத்துமூன்று லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து இருநூற்று எண்பது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அடுக்களையில் எதுவும் விழவில்லை.

*

பேருந்தில் ஏறினேன். நடத்துநர் வந்தார்.

"எங்க?"

"பெண்கள் விடுதி."

"எத்தனை?"

"ஒண்ணு."

"அதான் கையில வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு டிக்கெட் தராமல் போய்விட்டார்.

விடுதியில் இரண்டு கட்டடங்கள் இருந்தன. ஒன்றில் பகா எண் பெண்கள். மற்றதில் பகு எண் பெண்கள். நடுவில் ஒரு வராந்தா. வார்டன் பெயர் மங்களேஸ்வரி. என் கையை விரிக்கச் சொன்னாள்.

"என்னது இது?"

"ஒண்ணு."

"பகு எண் கட்டடத்துல இடம் தர முடியாது. உன்னை வகுக்க யாரும் இல்ல."

"அப்பப் பகா எண் கட்டடம்."

"பகா எண்ணுக்கு வகுத்தி ரெண்டு வேணும். ஒன்று, அப்புறம் தான். உனக்கு ரெண்டும் ஒரே ஆளால்ல இருக்கு."

"அப்ப நான் எதுல சேத்தி?"

"எதுலயும் இல்ல." அவள் குரலில் கோபம் இல்லை. "வராந்தால பெஞ்சு கிடக்கு. மழைச்சாரல் அடிக்கும். சுவர் ஓரமா ஒதுங்கிக்கோ."

பெஞ்சில் இருந்தேன். பகா எண் பெண்கள் என்னைத் தாண்டித்தான் குளிக்கப் போவார்கள். யாரோடும் பேச மாட்டார்கள். சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். பகு எண் பக்கம் எப்போதும் சத்தம். அவர்களைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். மூட்டை மூட்டையாக வருவார்கள். போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிட்டு, உள்ளே போய் மெலிந்து படுத்துக்கொள்வார்கள்.

சில நாள் கழித்து எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இரண்டு கட்டடத்துப் பெண்களும் ஒருவர் பின் ஒருவராக வந்து தங்களைப் பெருக்கிவிடச் சொன்னார்கள். என் ஒன்றால் பெருக்கிவிட்டேன்.

"இப்ப எப்படி இருக்கேன்?" என்று கேட்பார்கள்.

"அப்படியேதான் இருக்கீங்க."

"நன்றி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குச் சாப்பாடு கிடைத்தது.

வீட்டை நினைத்துக்கொள்ள மாட்டேன். நினைத்தால் துடைக்கிற துணி எங்கே என்று கை தேடும்.

*

ஒரு மத்தியானம் பெரிய அண்ணன் வந்தான். வாசலில் நின்று ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தான். பெஞ்சைக் கடைசியாகத்தான் பார்த்தான். மெலிந்துபோயிருந்தான். சட்டை அவனுடையதாகத் தெரியவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் வட்டமாக ஏதோ இருந்தது.

"என்னண்ணே அது?"

"சைபர்" என்றான்.

"மத்ததெல்லாம்?"

"கேட்டவனுக்கெல்லாம் வகுபட்டுட்டு." நின்றுகொண்டே சொன்னான். "மகன் வந்து பாதின்னான். வகுபட்டுது. மருமகன்மாரு வந்தாங்க. வகுபட்டுது. வாடகைக்குக் குடியிருந்தவன் அவன் பிள்ளைகளோட வந்து ஏழா வகுன்னான். அதுக்கும் வகுபட்டுது. மீதியே விழல. இல்லைன்னு சொல்ல ஒரு சாக்கு வேணும்லட்டி. அதுல சாக்கே இல்ல."

"மதினி?"

"எட்டை எடுத்துட்டு அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. இதை மட்டும் யாரும் தொடல."

"சின்ன அண்ணன்?"

"அவன் மாமனார் வகுத்துட்டாரு."

பகா எண் பெண் ஒருத்தி வாளியோடு எங்களைத் தாண்டிப் போனாள். அண்ணன் என் மடியில் இருந்த ஒன்றைப் பார்த்தான். அதில் ஒரு தூசியும் இல்லை.

"நீ நல்லா இருக்கியாட்டி?"

"அப்படியேதான் இருக்கேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பஸ்ஸுல வரும்போது யோசிச்சேன். உனக்குப் பின்னால நான் உக்காந்தா பத்து ஆயிரும். பத்து நல்ல எண். வகுபடும். ஆளுக்கு அஞ்சு. அப்ப இந்த அம்மா நமக்கு உள்ள இடம் குடுத்துத்தான ஆகணும்? உனக்குக் கட்டில் கிடைக்கும். ஃபேன் இருக்கும்."

அவன் சொன்னது சரி. கணக்கில் தப்பே இல்லை. பத்து ஆகிவிட்டால் சாரலில் நனைய வேண்டாம். என்னைப் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள். முதலில் சின்ன அண்ணன் வருவான். பிறகு மதினி வருவாள். அவள் என் தலையில் கை வைப்பாள்.

வார்டன் சாயங்காலம் வாசல் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவாள். முதலில் வருவது முதல் இலக்கம். அடுத்து வருவது அடுத்த இலக்கம்.

நான் நகர்ந்து சுவரோரம் போனேன். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் இடமே இல்லை. வாசல் பக்கம் பெஞ்சு காலியாகக் கிடந்தது.

"உக்காருண்ணே."

அவன் அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "உனக்கு முன்னாலயா?"

"ஆமா."

"முன்னால உக்காந்தா நான் ஒண்ணுமில்லயேட்டி."

"ஆமாண்ணே."

அவன் மரக்கடை வைத்திருந்தவன். கணக்கு தெரிந்தவன். பையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். வாசல்வரை போனான். ரோட்டில் யாரும் இல்லை. திரும்பி வந்தான். பிறகு உட்கார்ந்தான். சைபரைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தான்.

வெயில் தாழ்ந்ததும் மங்களேஸ்வரி வந்தாள். எங்கள் முன்னால் நின்றாள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அவள் அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒன்று" என்றாள். அடுத்த கட்டடத்துக்குப் போனாள்.

அண்ணன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏட்டி, அவ என்னைய எண்ணலியே" என்றான்.

"எண்ணிட்டாங்கண்ணே" என்றேன்.